கடைசி வரிசைக்கும் கேட்கணும், அடுத்த தெருவும் தூங்கணும்: மைக் செட் வைக்க 25 குறிப்புகள்

கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என எதுவானாலும் பந்தலுக்கும் சமையலுக்கும் பத்து தடவை உட்கார்ந்து பேசுகிறோம். மைக் செட்டுக்கு மட்டும் "நல்லா சத்தமா இருக்கணும்ணே" என்ற ஒரே வரியில் பேச்சை முடித்துக்கொள்கிறோம். அதனால்தான் முன் வரிசை காதைப் பொத்துகிறது; பின் வரிசைக்கு இரைச்சல் வருகிறது, சொல் வருவதில்லை. சத்தம் வேறு, தெளிவு வேறு. தெளிவு வேண்டுமென்றால் ஸ்பீக்கரைப் பெரிதாக்குவதைவிடக் கேட்பவருக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே வழி. வாடகை பேசுவது முதல் ஸ்விட்சை அணைப்பது வரை கவனிக்க வேண்டியவை இதோ.

வாடகை பேசும் முன்

1. எதற்கு மைக் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பட்டிமன்றம், ஆண்டு விழா, அறிவிப்பு எல்லாம் பேச்சு. மெல்லிசைக் கச்சேரி பாட்டு. பேச்சைப் புரியவைக்கும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில்தான் இருக்கிறது. நெஞ்சு அதிரும் பேஸுக்கு அங்கே வேலையே இல்லை. பேச்சு நிகழ்ச்சி என்றால் சப்-ஊஃபரை வேண்டாம் என்று சொல்லி, அந்த வாடகையில் சின்ன பாக்ஸ் இரண்டு கூடுதலாகக் கேளுங்கள்.

2. ஒரு தாளில் இடத்தை வரைந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், கூரை உயரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். மேடை, நாற்காலி வரிசைகள், மொய் மேசை, பந்தி நடக்கும் இடம், வாசல், ஒட்டியிருக்கும் வீடுகள், கரண்ட் எடுக்கும் பாயின்ட் எல்லாவற்றையும் குறியுங்கள். கூரை தகர ஷீட்டா, கான்கிரீட்டா, துணிப் பந்தலா என்பதையும் எழுதுங்கள். தகரமும் டைல்ஸும் கண்ணாடியும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். துணியும் கூடியிருக்கும் ஜனமும் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

3. "எத்தனை வாட்?" என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணை மறந்துவிட்டு, ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமானது, 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் அந்த ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் தரும் என்பது. 90 டெசிபல் தரும் பெட்டி 200 வாட் வாங்கி எழுப்பும் சத்தத்தை, 96 டெசிபல் தரும் பெட்டி 50 வாட்டிலேயே எழுப்பிவிடும்.

4. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இதைக் கட்டாயமாக்கியுள்ளன. காவல் நிலையத்தில் மனு கொடுக்கும்போது நாள், நேரம், இடம், ஸ்பீக்கர் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். கூம்புக் குழாய் கூடாது, பெட்டி மட்டுமே என்ற நிபந்தனை இருந்தால் அதை மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கம்பத்தில் ஏற்றிக் கட்டியபின் இறக்கச் சொன்னால் இரட்டை வேலை.

5. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். உங்கள் படத்தில் அப்படி ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரே வேண்டாம். பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் பொதுத்தேர்வு நேரத்தில் வருவதால், தெருவில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தக் கணக்கு

6. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 96 டெசிபல் இருந்தால் 2 மீட்டரில் 90, 4-ல் 84, 8-ல் 78, 16-ல் 72, 32-ல் 66. விரல் விட்டு எண்ணும் இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மண்டபத்துக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனால் அப்படித் திரும்பி வருவது தெளிவில்லாத சத்தம்.

7. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது லேசான வித்தியாசம்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். "ஐந்நூறு பத்தாது, ஆயிரமா போடுங்க" என்று கூடுதல் பணம் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. பேச்சு தெளிவாகப் புரிய, கூட்டத்தின் இரைச்சலைவிட 10 முதல் 15 டெசிபல் அதிகமாக இருந்தால் போதும். கூட்டம் 65 டெசிபலில் சலசலத்தால் கடைசி வரிசையில் 80 கிடைத்தால் தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் கூட்டமும் குரலை உயர்த்தும். பிறகு மைக் செட்காரர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது.

9. ஒரு பள்ளி மைதானத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரிலிருந்து கடைசி வரிசை 32 மீட்டர், ஏறத்தாழ 105 அடி. 96 டெசிபல் பெட்டி 1 வாட்டில் அங்கே 66 டெசிபல் தரும். 80 வேண்டுமென்றால் இன்னும் 14 தேவை. அதற்கு 25 வாட். பேச்சாளர் திடீரெனக் குரல் உயர்த்தும்போது கரகரக்காமல் இருக்கப் பத்து மடங்கு இடம் விட்டால் 250 வாட். அப்போது 4 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் முன் வரிசைக்கு 98 டெசிபல் அடிக்கும்.

இப்போது பாதி வழியில், 16 மீட்டரில் இன்னொரு பெட்டி வையுங்கள். இரண்டு பெட்டியும் ஆளுக்கு 16 மீட்டர் தூரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் 6 வாட், இடம் விட்டுப் பார்த்தாலும் 65 வாட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து முந்தைய பவரில் ஏறக்குறைய பாதிதான். முன் வரிசைக்கு 92 ஆகக் குறைகிறது, கடைசி வரிசைக்கு அதே 80 கிடைக்கிறது. பின்னால் வீடுகள் இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

வைக்கும் இடமும் உயரமும்

10. பெட்டியைத் தரையிலோ நாற்காலி மேலோ வைக்காதீர்கள். மேல் ஸ்தாயி ஒலிகள் முன்னால் இருப்பவர்களின் உடம்பிலேயே நின்றுவிடும். ஸ்டாண்டில் ஏழெட்டு அடி உயரத்தில் ஏற்றி, முகத்தை லேசாகக் கீழே சாய்த்து, கடைசி மூன்றில் ஒரு பங்கு வரிசைகளைப் பார்க்கும்படி திருப்புங்கள். முன்னால் இருப்பவர்கள் நேர்க் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவதால் அவர்களுக்குக் காது அடைக்காது.

11. ஸ்பீக்கர் ஜனங்களைப் பார்க்க வேண்டும், சுவரையும் கூரையையும் பார்க்கக் கூடாது. தகர ஷீட் மண்டபத்தில் பெட்டியை அண்ணாந்து வைத்தால் சத்தம் கூரையில் மோதி, ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிவிடும். அங்கே மேடை ஓரம் இரண்டு பெரிய பெட்டிகளை வைப்பதைவிட, இரு பக்கத் தூண்களிலும் நாலைந்து சின்னப் பெட்டிகளைக் கட்டிச் சத்தத்தைக் குறைத்து வைப்பதே மேல்.

12. தூண்போல நீளமான காலம் (column) ஸ்பீக்கரை எப்போதும் நிமிர்த்தியே கட்டுங்கள். உள்ளே மேலும் கீழுமாக அடுக்கிய சின்ன ஸ்பீக்கர்கள் சேர்ந்து சத்தத்தைப் பக்கவாட்டில் விரித்து, மேலும் கீழும் சுருக்குகின்றன. அதனால்தான் எதிரொலிக்கும் கோயில் மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் அது பொருத்தம். இடம் போதவில்லை என்று படுக்கப் போட்டால் பலன் தலைகீழ்: கூரைக்கும் தரைக்கும் சத்தம் போகும், ஓரத்து நாற்காலிகளுக்குப் போகாது.

13. சீலிங் ஸ்பீக்கர் பொருத்தும் வீடு, கடை, சிறு ஹாலுக்கு எளிய கணக்கு: கூரை உயரத்திலிருந்து உட்கார்ந்தவர் காது உயரமான 4 அடியைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 12 அடிக் கூரை என்றால் (12 – 4) × 2 = 16 அடி. 90 டிகிரி விரியும் ஒரு ஸ்பீக்கர் 16 அடி விட்டமுள்ள வட்டத்துக்குப் போதும். வட்டங்கள் ஒன்றையொன்று கொஞ்சம் தொடும்படி வைத்தால் இடையில் 'செத்த இடம்' விழாது.

14. கூம்புக் குழாய் 105 டெசிபலுக்கு மேல் தரக்கூடியது. சின்ன வாட்டிலேயே வெகுதூரம் போகும். டார்ச் லைட் மாதிரி ஒரு பக்கமாகவே பாய்ச்சும் என்பதால் மேய்ச்சல் நிலம், கடற்கரை, ஆற்றங்கரை அறிவிப்புகளுக்குச் சரி. நாற்காலி போட்டு ஜனம் உட்காரும் இடத்துக்கும், வீடுகள் நெருங்கிய தெருவுக்கும் அது வேண்டாம்.

15. தூரத்தில் இரண்டாவது வரிசைப் பெட்டிகள் வைத்தால் அவற்றுக்கு டிலே (ஒலியைச் சற்றுத் தாமதிக்கும் வசதி) வைக்கச் சொல்லுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகிறது. வயரில் வரும் சிக்னல் உடனே வந்துவிடுகிறது. 16 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டி 46 மில்லி நொடி முந்திப் பேசிவிடும். வித்தியாசம் 50 மில்லி நொடியைத் தாண்டினால் பேச்சு இரண்டு இரண்டாகக் கேட்கத் தொடங்கும். மிக்சரில் டிலே வசதி இருந்தால் 46-உடன் 10 முதல் 15 கூட்டி, 60-ஐ ஒட்டி வைக்கலாம். அப்போது பக்கத்துப் பெட்டி பேசினாலும் குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

16. மொய் மேசைக்கு நேராக ஸ்பீக்கர் திரும்பக் கூடாது. ஊரும் பெயரும் தொகையும் சொல்வது எழுதுபவர் காதில் விழாமல், தாள் முழுக்க அடித்தல் திருத்தல் ஆகிவிடும். சமையற்கட்டு, மணமகள் அறை, கைக்குழந்தைகளைத் தூங்க வைக்கும் இடம் ஆகியவையும் ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே வர வேண்டாம். பந்திக் கூடத்துக்கு அறிவிப்பு மட்டும் கேட்க ஒரு சின்னப் பெட்டியும் அதற்குத் தனி வால்யூமும் கேளுங்கள்.

வயரும் மின்சாரமும்

17. 8 ஓம் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக இணைத்துக்கொண்டே போகாதீர்கள். இரண்டு சேர்ந்தால் 4 ஓம், நான்கு சேர்ந்தால் 2 ஓம். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் சூடாகி நடு நிகழ்ச்சியில் கை விரித்துவிடும்.

18. தெரு முழுக்க, வளாகம் முழுக்கப் பல ஸ்பீக்கர்கள் வேண்டுமென்றால் 100 வோல்ட் லைன்தான் சரி. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை வாட் என்று தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டால் போதும்; ஓம் கணக்கு தேவையில்லை. கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபையர் திறனில் 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 100 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு 10 வாட்டில் எட்டு ஸ்பீக்கர்.

19. மெல்லிய வயர் வாட்டைத் தின்றுவிடும். 8 ஓம் பெட்டிக்கு 50 மீட்டர் வயர் இழுத்தால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பிலேயே கால் பங்கு பவர் போய்விடும், 0.5-ல் பாதிக்கு மேல் போகும். நீளமாக இழுத்தே ஆக வேண்டுமென்றால் 2.5 கேளுங்கள், அல்லது ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.

20. பிளஸ், மைனஸ் மாறிய இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். நடுவில் நின்றால் குரல் வற்றி, பேஸ் காணாமல் போகும். தனி ஊஃபரின் வயர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், எல்லாக் கோன்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிர்த் திசையில் அசைவதன் வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

21. மைக் செட்டுக்குத் தனி பாயின்ட் ஒதுக்குங்கள். சீரியல் லைட், கிரைண்டர் ஓடும் லைனிலேயே கொடுத்தால் 'உர்ர்' என்ற இரைச்சல் நுழையும். எர்த் கண்டிப்பாக வேண்டும். மழைக் காலத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத இணைப்பில் யாரும் மைக்கைத் தொட வேண்டாம். மின்வாரியக் கம்பத்தில் ஸ்பீக்கரோ வயரோ கட்டவே கூடாது. தரையில் ஓடும் வயரைப் பாய்க்கு அடியில் மறைக்காமல், ஓரமாக இழுத்து டேப் ஒட்டுங்கள்.

மைக் பிடிக்கும் முறை

22. 'கொய்ங்' என்று மைக் கூவுவதற்குக் காரணம், ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதுதான். பெட்டிகள் மேடை விளிம்புக்கு முன்னால், பேசுபவர் அவற்றுக்குப் பின்னால் இருக்கும்படி அமையுங்கள். மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் சும்மாவே கிடைக்கும். வால்யூம் கூட்டுவதால் வரும் கூவல் கிடையாது. கம்பி வலைத் தலையை முழுக் கையால் பொத்திப் பிடிப்பவர்களைத் தடுங்கள். பின்பக்கத்துச் சத்தத்தை ஒதுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. பொத்தினால் மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கி, உடனே கூவும்.

23. பட்டிமன்ற மேடையில் ஏழு மைக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டாம். திறந்த மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், கூவாமல் ஏற்றக்கூடிய சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். பேசுபவர் மைக், நடுவர் மைக் இரண்டு மட்டும் திறந்திருக்க, மற்றவற்றை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். நாதஸ்வரம், தவிலுக்கு மண்டபத்துக்குள் மைக்கே தேவையில்லை. முகூர்த்த நேரத்தில் மைக் வாத்தியார் பக்கம் இருந்தால் போதும். கார்ட்லெஸ் மைக்கென்றால் புது பேட்டரி ஒரு ஜோடி அறிவிப்பாளர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

சோதனையும் முடிவும்

24. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" எல்லோருக்கும் மனப்பாடம். அரைகுறையாகக் கேட்டாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். அதை வைத்துத் தெளிவைச் சோதிக்க முடியாது. ஒருவரை மேடையில் நிறுத்தி, விழாப் பத்திரிகையில் இருக்கும் பெயர்கள், ஊர்கள், நேரங்களைப் பத்து வரி வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து காதில் விழுவதை அப்படியே எழுதட்டும். இரண்டையும் ஒப்பிடுங்கள். பெயர்கள் மாறியிருந்தால் வால்யூமைத் தொடாமல், முதலில் பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்கோ போட்டிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் பெட்டியைத் திருப்புங்கள். வால்யூம் கடைசி மருந்து.

காலி மண்டபத்தில் முழங்கும் சத்தம் ஜனம் நிறைந்தபின் அடங்கிவிடும். ஆகவே கூட்டம் சேர்ந்ததும் ஒரு தடவை மூலை முடுக்கெல்லாம் நடந்து பாருங்கள். செல்போன் டெசிபல் ஆப் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அளவு துல்லியமாக இராது. ஆனால் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அது மிகப் பெரிதாக இருந்தால் பெட்டிகள் இருக்கும் இடம் சரியில்லை என்று அர்த்தம். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதி நேரமே தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷின் வரம்பு. 100-ல் அது 15 நிமிடம்தான். பெட்டிக்கு முன்னால் பத்தடி வரை நாற்காலியும் வேண்டாம், விளையாடும் பிள்ளைகளும் வேண்டாம்.

25. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கான 55 டெசிபல் அளவைவிட 10-க்கு மேல், அதாவது பொது இட எல்லையில் 65-ஐத் தாண்டக் கூடாது. விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கி வெகுதூரம் கேட்கும். ஆடி மாதத்து அம்மன் பாட்டு அடுத்த ஊர் வரை எட்டுவது இதனால்தான். எனவே 6 மணிக்குப் போட்டாலும் முந்தின மாலை வைத்த அளவில் கால்வாசியில் தொடங்குங்கள். இரவு 9.45-க்கு "கடைசி நிகழ்ச்சி" என்று அறிவிக்க ஒருவரையும், சரியாகப் 10-க்கு ஸ்விட்சை அணைக்க இன்னொருவரையும் முதல் நாளே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். பொதுவாக "யாராவது பாத்துக்கோங்க" என்று விட்டால் யாரும் அணைக்க மாட்டார்கள்.